காடும் காற்றாலையும்: ஒரு மின் திட்டம் காட்டைத் தொடுகிறதா என்று சட்டவழியில் ஆராய்வது எப்படி?

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்கி வருகிறது. இதே மாநில அரசுதான் காடும் மரங்களும் மூடிய பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதற்காகப் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தையும் நடத்துகிறது. இரண்டும் நியாயமான குறிக்கோள்கள். ஆனால் இரண்டுக்கும் நிலம் வேண்டும். கொள்கை ஏடுகளில் இவை ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட புல எண்ணில்தான் மோதுகின்றன.

ஊராட்சி உறுப்பினர்கள், கிராம சபையில் பேச முன்வருவோர், சூழல் ஆர்வலர்கள், இத்துறையில் புதிதாக அடியெடுத்து வைக்கும் வழக்கறிஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இடத்தேர்வு முடிந்த பிறகு தொடங்கும் சமரசப் பேச்சு பெரும்பாலும் காட்டுக்குப் பாதகமாகவே முடிகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே நிலத்தை அறியும் பகுதிக்கே இங்கு மிகுதியான இடம் தந்திருக்கிறேன்.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 42ஆம் திருத்தம் 1976இல் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. மின்சாரமும் பொதுப்பட்டியலில்தான் உள்ளது. நிலம் மட்டும் மாநிலப் பட்டியலிலேயே இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாநில அரசின் உண்மையான இடம் புரியும். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் இன்றிக் காட்டு நிலத்தைக் காடு சாராத பயன்பாட்டுக்கு விடும் ஆணையை எந்த மாநிலமும் பிறப்பிக்க முடியாது. மாநிலச் சட்டம் வேறுவிதமாகச் சொன்னாலும் இதுவே நிலை.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றிய அரசு தருவது ஒப்புதல் மட்டுமே. நிலத்தை விடும் இறுதி ஆணையை மாநில அரசுதான் பிறப்பிக்கிறது. திட்டத்தைப் பரிந்துரைக்காமல் திருப்பி அனுப்பவும் மாநிலத்தால் முடியும். ஆகவே “தில்லியில் அனுமதி வந்துவிட்டது, இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை” என்று ஓர் அலுவலகத்தில் சொல்லக் கேட்டால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் நிலத்தைப் படியுங்கள்

திட்டத்தின் பெயரையோ அதன் மெகாவாட்டையோ பார்ப்பதற்கு முன் புல எண்களின் பட்டியலைக் கையில் எடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் கிராம ‘அ’ பதிவேட்டின் படியையும் புலப்படத்தையும் பெறுங்கள். இவற்றை அரசின் இணையச் சேவையில் பார்க்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலாகவும் பெறலாம். சான்றிட்ட நகலே பின்னாளில் பயன்படும். ‘அ’ பதிவேட்டில் நிலம் அரசுடையதா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), நன்செய்யா புன்செய்யா, தீர்வை எவ்வளவு, பரப்பு எவ்வளவு என்ற விவரங்கள் வரிசையாக இருக்கும். எல்லோரும் பட்டாதாரர் பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் கடைசியில் உள்ள குறிப்புரைக் கட்டத்தை ஊன்றிப் பாருங்கள். ‘கரடு’, ‘கல்லாங்குத்து’, ‘மேய்க்கால்’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’, சில வேளைகளில் ‘காடு’ என்றே எழுதப்பட்டிருக்கும் அந்த ஓரிரு சொற்களில்தான் திட்டத்தின் சட்டநிலை அடங்கியிருக்கிறது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது, மக்கள் வழக்கில் ‘யுடிஆர்’ எனப்படும் அந்தப் பணியில், வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று அறியப் பழைய பதிவேட்டையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

அடுத்து, அந்த நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் காடாகிறது என்று பாருங்கள். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்டது காப்புக்காடு. அதில் ஐயத்துக்கு இடமில்லை. 4ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை வெளிவந்து, 16ஆம் பிரிவின் இறுதி அறிவிப்பு வராமல் நிற்கும் நிலங்களும் உண்டு. “இது இன்னும் காப்புக்காடு ஆகவில்லை” என்ற வாதம் எழுவது இங்கேதான். இறுதி அறிவிப்பு வரவில்லை என்பதால் மட்டும் அது வெறும் வருவாய்த் தரிசாகிவிடாது. அரசு ஆவணங்களில் அது காடாகப் பதிவாகியிருந்தால் 1980ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்ற நிலைப்பாட்டை எழுத்தில் வையுங்கள்.

தனியார் நிலமாக இருந்தால் 1949ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அவ்வாறு அறிவிக்கப்பட்ட காட்டை முன் அனுமதியின்றி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. ஆகவே மின் நிறுவனத்தின் குத்தகைப் பத்திரமே கேள்விக்கு உள்ளாகலாம். மலைப்பகுதி என்றால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும், பட்டியலிட்ட மலைக் கிராமங்களுக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் கூடுதலாகச் சேர்கின்றன.

எந்த அறிவிக்கையிலும் இல்லாத, ஆனால் கண்ணுக்குக் காடாகத் தெரியும் நிலமே கடினமான இனம். இங்கே நமக்குத் துணை நிற்பது உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் பிறப்பித்த ஆணை. காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யாருடையது என்பது பொருட்டன்று என்று அது சொன்னது. இந்தியா முழுவதையும் கட்டுப்படுத்தும் அந்த வழக்கு, நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த மரவெட்டை எதிர்த்துத்தான் தொடங்கியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, அறிவிக்கப்பட்ட காடுகளுக்கும் 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பின்னரோ அரசு ஆவணத்தில் காடாகப் பதிவான நிலங்களுக்கும் மட்டுமே சட்டத்தை நிறுத்திக்கொள்ளப் பார்த்தது. அதை எதிர்த்த வழக்கில், மாநிலங்கள் காடுகளின் முழுமையான பதிவேட்டைத் தயாரித்து முடிக்கும்வரை 1996ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 19 அன்று இடைக்கால ஆணையிட்டது. எனவே உங்கள் ஊர் நிலம் அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று மாவட்ட வன அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சட்டம் காடு என்று ஏற்காத நிலமும் உயிரற்ற நிலம் அன்று. காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும் அந்தப் பட்டா மேய்ச்சல் நிலங்கள் மாடுகளுக்கும் புல்வெளிப் பறவைகளுக்கும் ஒருசேர வாழ்வளிக்கின்றன. அவற்றைக் காக்க வனச் சட்டத்தில் இடமில்லை. பொது மேய்ச்சல் நிலமாக இருந்தால் ஊர்ப் பொதுநிலங்களைக் காக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதை எடுத்துக்காட்டலாம். பட்டா நிலத்தில் அந்த வழியும் இல்லை. அங்கே கொள்கையால்தான் காக்க முடியும். அதைப் பின்னர் பார்ப்போம்.

எந்த வகைத் திட்டம் என்பதைப் பொறுத்து வாசல் மாறும்

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலையும் சூரிய ஒளி மின் நிலையமும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வகைப்பாட்டிலும் 2016 முதல் அவை மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கான வெள்ளை வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. புகையில்லாத தொழிலுக்கு இது பொருத்தமே. ஆனால் இதன் விளைவாக, ஆயிரம் ஏக்கரை மூடும் ஒரு சூரிய மின் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடக்காது. கருத்துக்கேட்புக்காகக் காத்திருந்து காலத்தை இழந்தவர்கள் பலர். இவ்வகைத் திட்டங்களில் வன அனுமதி, கிராம சபை, நிலப் பயன்பாட்டு அனுமதி ஆகியவையே நமக்குத் திறந்திருக்கும் வாசல்கள்.

நீர்மின் திட்டங்களின் நிலை வேறு. 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவை அந்த அறிவிக்கைக்குள் வருகின்றன. 50 மெகாவாட்டிலிருந்து ஒன்றிய அரசின் நிலையில் ஆராயப்படுகின்றன. ஆனைமலையில் இயங்கும் 400 மெகாவாட் காடம்பாறை, நீலகிரியில் எழுந்துவரும் 500 மெகாவாட் குந்தா போன்ற நீரேற்றுப் புனல்மின் திட்டங்கள் இந்த வகையின. பகலில் மிகும் சூரிய மின்சாரத்தைச் சேமித்து இரவில் தருவதற்கு இவை உண்மையிலேயே தேவைப்படுகின்றன. அதே வேளையில் உயரத்தில் ஒன்றும் தாழ்வில் ஒன்றுமாக இரண்டு நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்பதால், மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளும் புல்வெளிகளும் இருக்கும் இடத்தையே இவை நாடுகின்றன. ஏற்கெனவே உள்ள அணைகளை இணைக்கும் திட்டமா, புதிய நீர்த்தேக்கம் கேட்கும் திட்டமா என்பதே இங்கு நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி. சுரங்கம் தோண்டும்போது வெளிவரும் கற்குவியல் எங்கே கொட்டப்படும் என்பது அடுத்தது.

காற்றாலைகளைப் பொறுத்தவரை கோபுரத்தின் அடித்தளப் பரப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய கணவாய்களின் வழியாகத்தான் நம் காற்று வருகிறது. அந்தக் கணவாய்களின் தோள்களில்தான் காடும் இருக்கிறது. மலைமுகட்டில் ஒரு காற்றாலையை நிறுவ, நீண்ட இறக்கைகளை ஏற்றிச்செல்லும் அகலமான சாலை வேண்டும். மகாராட்டிரத்தில் பீமாசங்கர் சரணாலயத்தை ஒட்டி எழுந்த காற்றாலைத் திட்டத்தில், சாலைக்காக வெட்டிய மண்ணும் கல்லும் சரிந்து வயல்களையும் நீர்நிலைகளையும் அடைந்ததை மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த காட்கில் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அதே மாநிலத்தின் சால்கேவாடி பீடபூமியில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, காற்றாலைகள் உள்ள இடத்தில் இரைகொல்லிப் பறவைகள் குறைந்து ஓணான் வகைகள் பெருகியிருப்பதைக் காட்டியது. வெட்டிய மரங்களின் எண்ணிக்கையில் இத்தகைய பாதிப்பு அடங்காது. ஆகவே ‘மரமே இல்லாத முகடு’ என்ற வாதத்தை இதைக் கொண்டு எதிர்கொள்ளுங்கள்.

மின் கோபுரப் பாதையை மறவாதீர்கள்

மின் நிலையம் பட்டா நிலத்தில் அமைய, அதிலிருந்து துணைமின் நிலையத்துக்குச் செல்லும் உயர் மின்னழுத்தப் பாதை காப்புக்காட்டை ஊடுருவிப் போவது அடிக்கடி நடப்பது. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், சில வேளைகளில் தனித்தனி நிறுவனம். இப்படிப் பிரிந்து கிடக்கும்போது, நிலையம் கட்டி முடிந்துவிட்டது, பாதைக்கு மட்டும் அனுமதி தாருங்கள் என்று வந்து நிற்பார்கள்; அதை மறுக்க யாருக்கும் துணிவிருக்காது. ஒரு திட்டத்தில் காட்டு நிலமும் பிற நிலமும் கலந்திருந்தால், காட்டு நிலத்துக்கான ஒப்புதல் வரும்வரை பிற நிலத்திலும் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்டகால வழிகாட்டு நெறி. சாலை, மின்பாதை போன்ற நேர்கோட்டுத் திட்டங்களுக்குச் சில தளர்வுகள் உண்டு என்றாலும், மின் நிலையத்துக்கும் அதன் பாதைக்கும் இந்த நெறியைச் சேர்த்துப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கோருங்கள்.

பாதையின் வரைபடத்தை, வன, சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பெறலாம். அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, புலிகள் காப்பகம், சரணாலயம், அவற்றின் சூழல் உணர்திறன் மண்டலம், யானை வழித்தடம் ஆகியவற்றில் எதைக் கடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் நுழைந்தால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். சூழல் உணர்திறன் மண்டல அறிவிக்கைகளில் ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஊக்குவிக்கப்படும்’ என்றொரு வரி வழக்கமாக இருக்கும். அது சாண எரிவாயு, சூரிய விளக்கு போன்ற வீட்டளவுப் பயன்பாட்டை எடுத்துக்காட்டிச் சொல்லும் வரி; பெரிய மின் நிலையத்துக்கான அனுமதிச் சீட்டாக அதைக் காட்டினால் முழு வாசகத்தையும் படித்துக்காட்டுங்கள்.

பாதையில் பறவைகள் மோதி இறப்பது பற்றிய வழக்கையும் அறிந்திருப்பது நல்லது. கானமயிலைக் காக்க இராசத்தானிலும் குசராத்திலும் மின்கம்பிகளை நிலத்தடியில் கொண்டுசெல்லுமாறு உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, எங்கே எது இயலும் என்று ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது மக்களின் அடிப்படை உரிமைகளோடு இணைந்தது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எதிர்த்தரப்பு இதை மேற்கோள் காட்டும். பறவைக் காப்பையும் காலநிலைக் காப்பையும் இடத்துக்கு இடம் சீர்தூக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் போக்கு என்பதால், இடத்தை நன்கு ஆராய்ந்தவருக்கு அது பாதகமாகாது.

கிராம சபையும் வன உரிமையும்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழான உரிமைகளைத் தீர்த்துவைக்காமல் காட்டு நிலத்தை விட முடியாது. முன்பு இது ஒன்றிய அரசின் ஒப்புதலுக்கு முன்பே கேட்கப்பட்டது. 2022 முதல் வந்த விதிகள் அந்தப் பொறுப்பை மாநில அரசின் இறுதி ஆணைக்கு முந்தைய கட்டத்துக்கு நகர்த்திவிட்டன. இதனால் கிராம சபையின் தீர்மானம் மாநில அரசை நோக்கியே எழுதப்பட வேண்டியதாகிறது. அச்சட்டத்தின் விதிகளின்படி கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப்பேர் இருக்க வேண்டும். வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை குறைந்தால் அது ஒன்றாலேயே தீர்மானங்கள் செல்லாமல் போகக் கூடும் என்பதால் கையொப்பப் பட்டியலைக் கவனமாக வையுங்கள். தீர்மானத்தின் வாசகம் இப்படி அமையலாம்:

“புல எண் ……, …… ஆகியவற்றில் …… ஹெக்டேர் நிலம் மின் திட்டத்துக்காகக் கோரப்படுவதை இச்சபை அறிந்தது. இந்நிலத்தில் எம் ஊரார் மேய்ச்சல், சிறு வனப்பொருள் சேகரிப்பு, வழிபாட்டிடத்துக்குச் செல்லும் பாதை ஆகிய உரிமைகளை அனுபவித்து வருகின்றனர். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இவ்வுரிமைகள் இன்னும் தீர்க்கப்படவில்லை. அவை தீர்க்கப்பட்டு, மாற்று இடங்கள் ஆராயப்பட்ட அறிக்கை தமிழில் இச்சபையின் முன் வைக்கப்படும்வரை நிலத்தை விடும் ஆணை எதையும் பிறப்பிக்க வேண்டாம் என மாநில அரசைக் கோருகிறது.”

இதே சட்டம் வேறொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. 3(2) பிரிவின் கீழ், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான காட்டு நிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஊர்ப் பயன்பாட்டுக்கான வசதிகளை அரசு அமைக்கலாம். அந்தப் பட்டியலில் மரபுசாரா ஆற்றலும் மின்கம்பியும் இருக்கின்றன. காட்டுக்குள் இருக்கும் பழங்குடி ஊருக்குச் சிறிய சூரிய மின் அமைப்பு வேண்டுமென்றால் இதுவே நேர்வழி. பெருந்திட்டத்தை எதிர்க்கும் ஊர், இந்தச் சிறு திட்டத்தைத் தானே முன்வந்து கேட்பது அதன் நிலைப்பாட்டுக்கு வலுச்சேர்க்கும்.

ஈடுசெய் காடு

விடப்படும் காட்டுக்கு ஈடாக அதே அளவு காடு அல்லாத நிலத்திலோ, குறிப்பிட்ட இனங்களில் சீரழிந்த காட்டில் இரு மடங்கிலோ மரம் வளர்க்க வேண்டும். அதோடு காட்டின் நிகரத் தற்போதைய மதிப்பாக (காடு தரும் பயன்களின் இழப்புக்கான தொகையாக), 2022ஆம் ஆண்டு விகிதப்படி வகையைப் பொறுத்து ஹெக்டேருக்கு ஏறத்தாழ 9.57 இலட்சம் முதல் 15.95 இலட்சம் ரூபாய் வரை செலுத்த வேண்டும். பணக்கணக்கைவிட முக்கியமானது ஈடு நிலத்தின் இருப்பிடம். அது இயற்கைப் புல்வெளியாக இருந்தால் அங்கே மரம் நடுவது இரண்டாவது அழிவு. நீலகிரியின் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நட்டதன் விளைவை இன்றும் அகற்ற முடியாமல் இருக்கிறோம்.

கொள்கையில் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியே போராடுவது ஊருக்கும் நிறுவனத்துக்கும் இழப்பு. மாநில அரசு 2024 ஆகஸ்டில் மூன்று கொள்கைகளை ஏற்றது: நீரேற்று மின் திட்டங்களுக்கு ஒன்று, சிறு புனல்மின் திட்டங்களுக்கு ஒன்று, பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒன்று. மூன்றாவதே காட்டுக்கு மிகப் பெரிய நன்மை செய்யக் கூடியது. முப்பந்தல் பகுதியில் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் நிலங்களைச் சிறிய பழைய காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நிறுவினால், ஏற்கெனவே உள்ள சாலையையும் மின்பாதையையும் கொண்டே பன்மடங்கு மின்சாரம் பெறலாம். புதிய முகட்டுக்கு அனுமதி கேட்கும் முன் பழைய இடங்கள் நிரம்பினவா என்று காட்டும் கடமையை விதியாக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

காப்புக்காடு, யானை வழித்தடம், சோலைப் புல்வெளி, கொரங்காடு ஆகியவற்றைக் குறித்த விலக்கு வரைபடத்தை அரசு முன்கூட்டியே வெளியிட்டால், நேர்மையான நிறுவனங்களும் பயன்பெறும். அவை வங்கிக் கடன் வாங்கும் முன்பே எங்கே போகக் கூடாது என்று அறிந்துவிடும். நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் இதற்குத் தில்லியைக் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவுக்கு முன்பிணைத் தொகை வாங்குவதும் இந்த விதிகளில் இடம்பெற வேண்டும்.

காலக்கெடு

வன ஒப்புதலின் பேரில் மாநில அரசு பிறப்பிக்கும் ஆணையை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்களே உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் இல்லை. சூழல் சார்ந்த பிற வழக்குகளுக்கு, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆணை வெளியாகும் நாளைத் தவறவிடாதிருக்க, திட்டத்தின் விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பரிவேஷ் பக்கத்தை வாரந்தோறும் பாருங்கள். மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், மாநில வனத்துறைச் செயலர் மூவருக்கும் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் சேர்ந்ததற்குச் சான்று தரும் விரைவு அஞ்சலில் அனுப்பி, அந்தச் சான்றை அந்தந்தக் கடித நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.